வெம்மை அறியும் தோல்

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவு கொண்டு ஆறு வகையாகப் பகுத்தபோது, உற்றறியும் அறிவையே முதலாவதாக வைத்தார். புல்லும் மரமும் பெற்றுள்ள அறிவு அதுவென்றும், சுவையும் மணமும் காட்சியும் கேள்வியும் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வருவன என்றும் அவர் கொண்டார். உடலைக் குறிக்கும் 'மெய்' என்னும் சொல்லே உண்மையையும் குறித்து நிற்பது தமிழில் காணப்படும் ஒரு சிறப்பு. கண் கண்டதையும் காது கேட்டதையும் ஐயுறும் மனிதன், கை தொட்டு அறிந்ததை எளிதில் ஐயுறுவதில்லை.

ஆயினும், விஞ்ஞானத்தின் வரலாற்றில் இந்த முதலறிவு நெடுங்காலம் பின்வரிசையிலேயே இருந்தது. கண்ணுக்குத் துணையாக மூக்குக்கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலியில் தோன்றிவிட்டது. காதின் எல்லையை விரிக்கத் தொலைபேசி 1876 ஆம் ஆண்டில் வந்தது. தோலுக்கு மட்டும் துணைக்கருவி எதுவும் எழவில்லை. காய்ச்சலுற்ற குழந்தையின் நெற்றியில் தாய் கையை வைக்கின்றாள். அக்கணமே சூட்டை அறிந்துகொள்கின்றாள். அந்தக் கையில் நிகழ்வது யாது? அதனைப் போன்ற ஒரு தோலை மனிதன் தன் கையால் ஆக்க இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடி அறிஞர் நடந்த பாதை நான்கு நூற்றாண்டுகள் நீண்டது.

முதல் வினாவை எழுப்பியவர்களுள் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் குறிப்பிடத்தக்கவர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய நூலிலே ஓர் எளிய பரிசோதனை பேசப்படுகின்றது. ஒரு கை குளிர்ந்தும் மற்றக் கை வெம்மையுற்றும் இருக்கும்போது, இரண்டையும் ஒரே நீரில் அமிழ்த்தினால், அந்த நீரே ஒரு கைக்குச் சூடாகவும் மற்றக் கைக்குக் குளிராகவும் தோன்றும். நீர் ஒன்று, அறிவு இரண்டு. ஆகவே, தோல் அறிவது பொருளின் வெப்பநிலையை மட்டுமன்று. பொருளுக்கும் தனக்கும் இடையே நிகழும் வெப்பப் பரிமாற்றத்தையே அது பெரிதும் அறிகின்றது. ஒரே அறையில் கிடக்கும் இரும்பும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருந்தும், இரும்பு மட்டும் கைக்குக் குளிர்வதன் காரணமும் இதுவே. இரும்பு கையின் வெப்பத்தை விரைந்து கவர்ந்துகொள்கின்றது. மரம் அவ்வாறு செய்வதில்லை.

தோலின் தீர்ப்பு இவ்வாறு ஆளுக்கு ஆளும் கைக்குக் கையும் வேறுபட்டமையால், அறிஞர் தோலை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிக் குழாயை நாடினர். கலிலியோ காலத்து வெப்பங்காட்டியிலிருந்து வளர்ந்த கருவி, 1714 இல் பரன்ஹைற்றின் இரச வெப்பமானியாக உறுதி பெற்றது. 1742 இல் சுவீடன் நாட்டு வானியலறிஞர் செல்சியஸ் நூறு பாகைகள் கொண்ட அளவுமுறையை வகுத்தார். வெப்பம் எண்ணாக மாறியது. ஆனால், அந்த எண்ணைத் தந்த கருவி கண்ணாடியாலானது, வளையாதது, எளிதில் உடைவது. தோலுக்கும் அதற்கும் எவ்வித ஒப்புமையும் இருக்கவில்லை.

தோலைப் பற்றிய ஆராய்ச்சி உண்மையில் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாம். செருமனியின் லைப்சிக் நகரில் பேராசிரியராக விளங்கிய ஏர்ன்ஸ்ற் ஹைன்றிச் வேபர், 1834 ஆம் ஆண்டிலும் 1846 ஆம் ஆண்டிலும் தொடுபுலன் பற்றி வெளியிட்ட நூல்கள் இத்துறைக்கு அடிக்கல்லாயின. நெற்றியின்மீது குளிர்ந்த நாணயம் ஒன்றை வைத்தால், அதே எடையுள்ள வெம்மையான நாணயத்தைவிட அது கனமாகத் தோன்றுகின்றது என்பதை அவர் கண்டார். கனமும் குளிரும் தோலில் வேறுவேறாக நிற்காமல் ஒன்றோடொன்று கலந்து பேசுகின்றன என்பது இதனாற் புலனாயிற்று. இந்தக் கலப்பு பிற்காலத்தில் செயற்கைத் தோல் செய்ய முயன்றோருக்கும் பெருந்தடையாக வந்து நின்றது.

வேபருக்குப் பின் வந்த ஒரு தலைமுறையில் அடுத்த கதவு திறந்தது. சுவீடனின் உப்சாலா நகரில் மக்னஸ் பிளிக்ஸ் என்னும் உடற்றொழிலியல் அறிஞர், 1882 ஆம் ஆண்டளவில், தோலின் பரப்பைப் புள்ளி புள்ளியாக ஆராய்ந்தார். நுனி கூரிய ஓர் உலோகக் கருவியின் உள்ளே குளிர்ந்த நீரையோ வெந்நீரையோ ஓடவிட்டு, அந்நுனியைத் தோலின்மீது மெல்ல நகர்த்தினார். சில புள்ளிகள் குளிரை மட்டுமே அறிந்தன. வேறு சில புள்ளிகள் வெம்மையை மட்டுமே அறிந்தன. இடைப்பட்ட இடங்கள் இரண்டையும் அறியாமலே கிடந்தன. குளிர்ப்புள்ளிகள் மிகப் பல, வெம்மைப்புள்ளிகள் சில. ஒரே பரப்பாகத் தோன்றும் தோல், உண்மையில் தனித்தனிக் காவலர் நின்று காக்கும் எல்லைப்புறம் என்பது வெளிப்பட்டது. பேர்லினில் அல்பிரட் கோல்ட்ஷைடரும் அமெரிக்காவின் பால்ற்றிமோரில் ஹென்றி டொனால்ட்சனும் ஒருவரையொருவர் அறியாமலே, 1884, 1885 ஆம் ஆண்டுகளில் இதே உண்மையை எடுத்துரைத்தனர். காலம் கனியும்போது ஒரே கனி பல தோட்டங்களில் ஒருங்கே பழுக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அந்தக் காவலர் யாவர் என்பதை அறிய மேலும் ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1997 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் டேவிட் ஜூலியஸ் என்பாரும் அவருடைய குழுவினரும், நாம் நாள்தோறும் கறியில் இடும் மிளகாயைத் துணைக்கொண்டு அவ்விடையைக் கண்டனர். மிளகாயின் காரப்பொருள் நரம்பில் உள்ள ஒரு புரதத்தைத் தாக்குகின்றது. அப்புரதம் நரம்புக்கலத்தின் சுவரில் அமைந்த ஒரு சிறு வாயில். ஏறத்தாழ 43 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் அதே வாயில் திறக்கின்றது. மிளகாய் கடித்த நாக்கு 'எரிகின்றது' என்று சொல்வது வெறும் உவமையன்று. உடலின் மொழியில் அது மெய்யே. 2002 ஆம் ஆண்டில் ஜூலியசும் ஆர்டெம் பட்டபூட்டியன் என்பாரும் தனித்தனியே, புதினாவின் குளிர்ச்சிப்பொருளாகிய மென்தோலைக் கொண்டு குளிரின் வாயிலைக் கண்டறிந்தனர். பட்டபூட்டியன் 2010 இல் அழுத்தத்தை அறியும் வாயில்களையும் இனங்கண்டார். இவ்விருவருக்கும் 2021 ஆம் ஆண்டின் மருத்துவ நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வளவும் இயற்கைத் தோலின் கதை. செயற்கைத் தோலின் கதை எங்கே தொடங்குகின்றது? அது பௌதிக ஆய்வுகூடங்களிலே தொடங்கினாலும், அதன் தேவையை உலகுக்கு உணர்த்தியது தமிழ்நாட்டிலுள்ள ஒரு வைத்தியசாலையாகும்.

கொல்லிமலையில் 1914 ஆம் ஆண்டு கிறித்தவ ஊழியப் பெற்றோருக்குப் பிறந்த போல் பிராண்ட், இங்கிலாந்தில் சத்திரசிகிச்சை கற்று, 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் கைகால்கள் அழிவதைக் கண்ட அவர், அதன் காரணத்தை ஆராயலானார். நோயினால் தசை தானே அழுகி விழுகின்றது என்பதே அந்நாள்வரை பலரும் கொண்டிருந்த எண்ணம். பிராண்ட் கண்ட உண்மை வேறு. நோய் அழிப்பது நரம்பை; கையை அழிப்பது உணர்ச்சியற்ற வாழ்க்கை. சூடேறிய பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குவோர் சுடுவதை அறியார், தோல் வெந்துவிடும். துருப்பிடித்த பூட்டில் திறப்பை அளவுமீறிய வலுவோடு திருகுவோர் விரல் அறுபடுவதை அறியார். இரவில் உறங்கும்போது எலிகள் விரல்களைக் கடித்துத் தின்ற செய்திகூட வெளிவந்தது. நோயாளர் விழிக்கவே இல்லை. அதனைத் தடுக்க அவர்களுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

தொழுநோயில் பெரும்பாலும் முதலில் மறைவது சூடும் குளிரும் அறியும் உணர்ச்சியே என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. வலியைச் சாபமாகவே கருதிவந்த உலகுக்கு, வலி ஒரு காவல் என்பதை வேலூரின் நோயாளர் தம் கைகளைக் கொடுத்துக் கற்பித்தனர். இந்நோய் பழங்கதையாகிவிடவும் இல்லை. 2023 ஆம் ஆண்டில் உலகில் 180,000 பேருக்கு மேற்பட்டோரிடம் தொழுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. நீரிழிவினால் பாத உணர்ச்சியை இழப்போரின் தொகையோ அதனினும் மிகப் பெரிது.

1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்ற பிராண்ட், அங்கே ஒரு துணிகர முயற்சியில் இறங்கினார். இயற்கை இழந்த காவலைப் பொறியியலாளர் துணையோடு செயற்கையாக அமைப்பதே அவருடைய நோக்கம். உணர்ச்சியற்ற கைக்கு ஒரு கையுறை. அதில் சிறு உணரிகள். அழுத்தம் எல்லை மீறினால் காதில் ஓர் எச்சரிக்கை ஒலி. முயற்சி நெடுநாள் நடந்தது. பெரும் பணமும் செலவாயிற்று. ஆனால் அது தோற்றது.

தோல்விக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, கருவியின் குறை. அந்நாளைய உணரிகள் விறைப்பானவை, விலை மிகுந்தவை, கை வளைந்து வளைந்து வேலை செய்யும்போது விரைவில் தேய்ந்து பழுதாயின. இரண்டாவது காரணம் மனித இயல்பைச் சார்ந்தது. ஒலி எழுந்தும் நோயாளர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒலிக்குப் பதிலாக, உணர்ச்சி எஞ்சியிருந்த அக்குள் போன்ற இடத்தில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். அப்பொழுதோ, ஆபத்தான வேலையைச் செய்யவேண்டி வந்தவுடன் நோயாளர் கருவியை நிறுத்திவிட்டு, வேலை முடிந்தபின் மீண்டும் இயக்கிக்கொண்டனர். தம் உடலின் குரலாக அதனை அவர்கள் ஏற்கவில்லை. அயலான் ஒருவன் இடும் கட்டளையாகவே எண்ணினர். 2003 இல் மறைந்த பிராண்ட், இந்தத் தோல்வியை மறையாது தம் நூலிலே எழுதிவைத்தார். பின்வந்தோருக்கு அது வெற்றியினும் பயனுள்ள பாடமாயிற்று.

முதற்குறையைப் போக்கும் வழி பௌதிகத்திலும் இரசாயனத்திலும் மெல்ல உருவாகி வந்தது. வெள்ளிச் சல்பைட்டு சூடேறுந்தோறும் அதன் மின்தடை குறைவதை மைக்கேல் பரடே 1833 இல் கண்டிருந்தார். பிளாற்றினக் கம்பியின் தடை சூட்டோடு ஏறுவதைக் கொண்டு வெப்பத்தை அளக்கலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1871 இல் காட்டினார். இதனால் வெப்பம் மின்னோட்டத்தின் மொழியில் எழுதப்படலாயிற்று. எனினும், வளையும் பொருளில் அம்மொழியை எழுதும் வழி பிறக்கவில்லை. 1977 ஆம் ஆண்டில் ஷிரக்காவா, மக்டயர்மிட், ஹீகர் ஆகிய மூவரும், பிளாத்திக்கு இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளையும் நன்கு மின் கடத்துமாறு செய்யலாம் என்று நிறுவினர். 2000 ஆம் ஆண்டின் இரசாயன நொபெல் பரிசு அவர்களை அடைந்தது. அதன் பின்னர், மெல்லிய பிளாத்திக்குத் தாளின்மீதே மின்சுற்றுகளை அமைக்கும் கலை வளர்ந்தது.

அக்கலையைத் தோலின் பணிக்குத் திருப்பியவர்களுள் டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் தக்காவோ சொமேயா முன்னிற்கின்றார். 2005 ஆம் ஆண்டில் அவருடைய குழுவினர் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே அறியும் உணரிகளை வலைபோன்ற தாளில் அமைத்துக் காட்டினர். மீன்வலை எவ்வாறு உருண்டையான பொருளையும் தழுவிக்கொள்கின்றதோ, அவ்வாறே அந்த வலையும் வளைந்த பரப்பைத் தழுவியது. 2011 இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரொஜர்சும் குழுவினரும், சிறுவர் கையில் ஒட்டிக்கொள்ளும் பச்சைப்படம் போலத் தோலோடு தோலாக ஒட்டும் மின்சுற்றை வெளியிட்டனர். 2015 இல் டோக்கியோக் குழுவினர், உடல் வெப்பநிலைக்கு அண்மையில் ஒரு பாகையின் ஐம்பதில் ஒரு பங்கு மாற்றத்தையும் அறியவல்ல மென்தாளைச் செய்தனர். ஐந்து பாகை வேறுபாட்டுக்குள்ளேயே அதன் தடை பத்து இலட்சம் மடங்கு மாறியது.

இவ்வாராய்ச்சிக்கு எதிர்பாராத ஆசானாக வந்தது பாம்பு. குழிவிரியன் என்னும் இனத்துப் பாம்புகள் இலங்கையிலும் உண்டு. கண்ணுக்கும் நாசிக்கும் இடையே இருபுறமும் இவற்றுக்கு ஒவ்வொரு குழி அமைந்திருக்கும். அக்குழியில் விரிந்துள்ள மெல்லிய சவ்வு, இருளில் வரும் இரையின் உடற்சூட்டைத் தொலைவிலிருந்தே அறிகின்றது. அமெரிக்க அறிஞர் புல்லொக்கும் அவருடன் உழைத்தோரும் 1952 முதல் 1956 வரை வெளியிட்ட ஆராய்ச்சிகளில், ஒரு பாகையின் ஆயிரத்தில் மூன்று பங்கு ஏற்றத்தையும் அந்நரம்பு அறியும் எனக் கணக்கிட்டனர். சூடு பட்டதும் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து, அயன்கள் உட்புகுவதே இதன் அடிப்படை. மிளகாய் காட்டித்தந்த வாயிலின் உறவினமே அது என்பது 2010 ஆம் ஆண்டில் தெளிவாயிற்று.

சூரிச் தொழினுட்பக் கழகத்திலும் கலிபோர்ணியா தொழினுட்பக் கழகத்திலும் பணியாற்றிய கியாரா டராயோவின் குழுவினர், செயற்கை மரம் போன்ற ஒரு பொருளைச் செய்ய முயன்றனர். புகையிலைக் கலங்களோடு நுண்ணிய காபன் குழாய்களைச் சேர்த்துச் செய்த அப்பொருள், சூட்டுக்கு வியக்கத்தக்க அளவில் மின்மாற்றம் காட்டிற்று. காரணத்தைத் தேடியபோது, அது தாவரக் கலச்சுவரில் உள்ள பெக்டின் என்பது தெரியவந்தது. பழப்பாகு உறைவதற்கு உதவும் அதே பெக்டின்! அதன் இழைகளைக் கல்சியம் அயன்கள் இணைத்து நிற்கின்றன. சூடேறினால் இணைப்புத் தளர்ந்து, அயன்கள் விடுபடுகின்றன, மின்னோட்டம் எளிதாகின்றது. பாம்பின் சவ்வில் நிகழ்வதும் அயன்களின் ஓட்டமே. 2017 ஆம் ஆண்டில் இக்குழுவினர், மனித மயிரின் தடிப்பைவிட மிகாத பெக்டின் படலம் ஒன்றை வெளியிட்டனர். பாகையின் நூறில் ஒரு பங்கு மாற்றத்தை அது அறிந்தது.

இங்கே வேபரின் நாணயம் மீண்டும் குறுக்கிட்டது. வளையும் உணரியை இழுத்தாலும் அதன் தடை மாறும், சூடேற்றினாலும் மாறும். மாறியது எதனால் என்று கருவி எவ்வாறு பிரித்தறியும்? 2020 ஆம் ஆண்டில் தென்கொரியாவின் போஹாங் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துச் செனான் பாவோவும் இதற்கு ஒரு வழி கண்டனர். அயன்கள் கலைந்து மீண்டும் அமைவதற்கு எடுக்கும் காலத்தை அவர்கள் அளந்தனர். அந்தக் காலம் இழுவிசையால் மாறுவதில்லை. வெப்பத்தால் மட்டுமே மாறும். ஆதலின், ஒரே படலம் சூட்டையும் இழுவையையும் வேறுவேறாகச் சொல்லவல்லதாயிற்று.

கருவியின் குறை இவ்வாறு நீங்கி வந்தது. பிராண்ட் கண்ட இரண்டாவது குறை எஞ்சி நின்றது. செயற்கைத் தோல் அறிந்ததை மனிதன் தன் அறிவாக உணர்வது எவ்வாறு?

சுவிற்சர்லாந்தின் லொசான் தொழினுட்பக் கழகத்தாரும் இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளரும் 2023 ஆம் ஆண்டில் இதற்கு ஒரு பகுதி விடை கூறினர். கையை இழந்தவர் பலருக்கு, இல்லாத கை இன்னும் இருப்பதுபோன்ற உணர்ச்சி நிலைத்திருப்பது வைத்தியர் நன்கறிந்த செய்தி. எஞ்சிய புயத்தின் சில இடங்களைச் சூடாக்கினால் அல்லது குளிர்வித்தால், இழந்த விரலிலேயே சூடும் குளிரும் தோன்றுமா என்று அவர்கள் ஆராய்ந்தனர். 27 பேரைச் சோதித்ததில் 17 பேருக்கு அவ்வாறு தோன்றியது. வெட்டுண்ட நரம்பு தன் பழைய முகவரியை மறக்கவில்லை.

அடுத்த ஆண்டில், கையிழந்து 37 ஆண்டுகள் கழிந்த 57 வயதினர் ஒருவரின் செயற்கைக் கையில் இம்முறை பொருத்தப்பட்டது. சுட்டுவிரல் நுனியில் ஓர் உணரி. புயத்தின் உரிய இடத்தில், உணரி அறிந்த வெப்பத்தை மீளத் தரும் ஒரு சிறு தகடு. 12, 24, 40 பாகை செல்சியஸ் கொண்ட மூன்று போத்தல்களை அவர் தொட்டுப் பிழையின்றி இனங்கண்டார். கருவி இல்லாதபோது அவருடைய விடைகளில் மூன்றில் ஒரு பங்கே சரியாயிருந்தது; அஃதாவது குருட்டடியின் அளவே. கண்ணை மறைத்துக்கொண்டு மனிதக் கையையும் செயற்கைக் கையையும் தொட்டுப் பிரித்தறிவதிலும் அவர் முன்னேறினார். நூற்றுக்கு 60 ஆக இருந்த சரியான விடைகள் 80 ஆக உயர்ந்தன.

போத்தலை இனங்காண்பது பயனுள்ள திறமை. மனிதக் கையை இனங்காண்பதோ அதனினும் மேலானது. தன் கையைப் பற்றும் கை உயிருள்ளது, வெம்மையுள்ளது என்பதை அறிவது வாழ்வின் அடிப்படை ஆறுதல்களுள் ஒன்றாகும். கையிழந்தோருக்கு அந்த ஆறுதலின் வாயில் சற்றே திறந்திருக்கின்றது.

ஆனால் முழுவதும் திறந்துவிடவில்லை. லொசான் முறை, எஞ்சிய நரம்பு உயிரோடிருப்போருக்கே உதவும். வேலூரில் பிராண்ட் கண்ட நோயாளரின் நரம்போ நோயினால் மாண்டுவிட்டது. அத்தகையோருக்குச் செயற்கைத் தோல் எத்துணை நுட்பமாக அறிந்தாலும், அறிந்ததைக் கொண்டுசெல்லும் வழி இன்னும் செப்பமாக அமையவில்லை. அவர்களுக்கு இன்றளவும் உறுதியான காவல், நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருந்தினால் தடுப்பதேயாம். தோலில் உணர்ச்சி குன்றிய ஒரு தேமலைக் கண்டால், வெட்கத்தால் மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுவோர், எந்த ஆய்வுகூடமும் இன்னும் ஆக்கித்தர இயலாத ஓர் அரும்பொருளைக் காத்துக்கொள்கின்றனர்.

உற்றறியும் அறிவை முதலறிவாக வைத்த பழந்தமிழ் இலக்கண ஆசிரியர், அதனை எளிய அறிவு என்று கருதியே அவ்வாறு வைத்திருக்கலாம். நான்கு நூற்றாண்டு ஆராய்ச்சியோ, அதன் நுட்பத்தை ஒவ்வொரு படியிலும் காட்டி வந்திருக்கின்றது. மயிரிழை தடிப்புள்ள ஒரு படலத்துக்காக உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் உழைக்கின்றன. தாயின் உள்ளங்கையோ ஆண்டாண்டு காலமாக அப்பணியை அமைதியாகச் செய்துவருகின்றது.